மனுவும் புனைவும்: ஈழப் புலம்பெயர் கதைகளில் அகதி விண்ணப்பத்தின் வடிவம்

ஆய்வுச் சுருக்கம்

ஈழத்துப் புலம்பெயர் இலக்கியம் பெரும்பாலும் ஊர்நினைவின் இலக்கியமாகவும் போரின் சாட்சியமாகவும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. புதிய நாட்டில் காலூன்ற விழையும் அகதி முதன்முதலில் எழுதும், அல்லது எழுதுவித்துக்கொள்ளும் பனுவலாகிய அகதி விண்ணப்பம் இவ்வாசிப்புகளில் ஒரு பின்னணித் தகவலாகவே நின்றுவிடுகிறது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல், அ. முத்துலிங்கத்தின் 'கொழுத்தாடு பிடிப்பேன்' சிறுகதை ஆகியவற்றை முதன்மையாகவும் 'தீபன்' திரைப்படத்தைத் துணையாகவும் கொண்டு, விண்ணப்பம் என்னும் வடிவம் புனைவுக்குள் எவ்வாறு நுழைகிறது, அங்கு அது என்னவாக மாறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விண்ணப்பத்தை விசாரிக்கும் அதிகாரியின் நோக்கிலேயே தமிழ்த் திறனாய்வும் புலம்பெயர் புனைவை வாசித்துவிடும் அபாயத்தையும் அது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: புலம்பெயர் இலக்கியம், அகதி விண்ணப்பம், கொரில்லா, கொழுத்தாடு பிடிப்பேன், தீபன், வழக்குரை, சாட்சியம்.

முன்னுரை

'புலம்பெயர்' என்னும் தொடர் தமிழுக்குப் புதியதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தை வருணிக்கும் இடத்தில், பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்து அந்நகரில் கலந்து வாழ்ந்த மக்களைக் குறிக்க அது ஆளப்பட்டுள்ளது. அங்கே புலம்பெயர்ந்தோர் அயலார். வரவேற்கும் நகரம் தமிழருடையது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தொடர் மீண்டும் பெருவழக்குப் பெற்றபோது திசை மாறியிருந்தது. வாசலில் நிற்பவர் தமிழராகவும் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று ஆராய்பவர் அயலாராகவும் ஆயினர். வணிகத்தின் பொருட்டு வந்தவனிடம் பூம்புகார் என்ன கேட்டது என்பதைப் பாட்டு சொல்லவில்லை. ஆனால் பாரிசும் டொரன்டோவும் என்ன கேட்டன என்பது நன்கு தெரியும். அவை ஒரு கதையைக் கேட்டன.

1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் இலங்கையைவிட்டு வெளியேறிய தமிழர், சென்று சேர்ந்த நாடுகளில் தங்குவதற்கான உரிமையை 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் அடிப்படையிலேயே கோர வேண்டியிருந்தது. இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து என்னும் ஐந்து காரணங்களுள் ஒன்றினால் துன்புறுத்தப்படுவோம் என்ற, தகுந்த ஆதாரமுள்ள அச்சம் உடையவரே அவ்வுடன்படிக்கையின்படி அகதி. பசியும் வேலையின்மையும், ஊரே எரிந்துபோனமையும்கூடத் தம்மளவில் இவ்வரையறைக்குள் வாரா. ஆகவே நடந்தவற்றுள் எவை இவ்வைந்தனுள் அடங்கும் எனத் தெரிந்தெடுத்து, காலவரிசைப்படுத்தி, முரண்பாடின்றிச் சொல்லும் கடமை விண்ணப்பதாரர்மேல் விழுந்தது. இத்தெரிவும் வரிசையும் இலக்கண நூலார் 'யாப்பு' என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு கட்டமைப்பே. பேச்சுவழக்கில் அதற்குக் 'கேஸ்' என்று பெயர். ஒருவரின் கேஸ் நல்ல கேஸாக இருக்கலாம், பலவீனமான கேஸாக இருக்கலாம், நிராகரிக்கப்பட்ட கேஸாகவும் இருக்கலாம். வாழ்க்கையைக் குறித்து அல்லாமல், வாழ்க்கையைச் சொன்ன முறையைக் குறித்தே இவ்வடைகள் வழங்குகின்றன என்பது நோக்கத்தக்கது.

விண்ணப்பமும் அதன் வாசகரும்

பிரான்சில் அகதி விண்ணப்பங்களை ஆராயும் 'ஒஃப்ரா' என்னும் அரச அலுவலகம் 1952இல் நிறுவப்பட்டது. கனடாவில் 1985ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய சிங் தீர்ப்பு, அகதி உரிமை கோருபவர் நேரில் தம் வாய்மொழியால் வழக்கை எடுத்துரைக்கும் வாய்ப்பைப் பெற வேண்டும் என்றது. அதன் பின் 1989இல் குடிவரவு, அகதிகள் சபை செயற்படத் தொடங்கியது. இத்தீர்ப்பு அகதிக்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் இலக்கிய நோக்கில் அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. எழுதிக் கொடுத்த கதையும் வாயால் சொல்லும் கதையும் இப்போது ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். நாளும் இடமும் ஒருமுறை மாறினால், மறதி என்று கொள்ளப்படலாம். பொய் என்றும் கொள்ளப்படலாம். அடிபட்டவனின் நினைவு நேர்கோட்டில் செல்வதில்லை என்பதை உளவியல் அறியும். கோப்பு அறிவது அரிது.

கதைக்கும் உண்மைக்கும் இடையிலான இந்த இழுபறிக்குத் தமிழர் புலம்பெயர்வின் தொடக்க காலத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் மீனவர்களால் மீட்கப்பட்டனர். தாங்கள் இந்தியாவிலிருந்து நேரே வந்ததாக அவர்கள் முதலில் கூறினர். அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது விரைவில் வெளிப்பட்டது. பத்திரிகைகளின் இரக்கம் ஒரு பகுதி கோபமாக மாறிற்று. எனினும் அவர்கள் கனடாவில் தங்க அனுமதிக்கப்பட்டனர். புறப்பட்ட துறைமுகத்தைப் பற்றிய கூற்று பொய். நடுக்கடலில் திறந்த படகில் விடப்பட்டது உண்மை. இலங்கையில் திரும்பிச் செல்ல இடமில்லாதிருந்ததும் உண்மை. ஒரே நாவிலிருந்து வந்த இவற்றை எப்படிப் பிரித்து எடைபோடுவது என்ற வினா நீதித்துறைக்கு உரியதுபோல் தோன்றினாலும், புனைகதையாளருக்கும் திறனாய்வாளருக்கும் அது வந்து சேர்ந்தது.

வழக்குரைத்தலின் பழைய இலக்கணம்

அயல் ஊரில் நின்று அதிகாரத்தின் முன் தன் கதையைச் சொல்லும் பாத்திரம் தமிழ் மரபில் உண்டு. சிலப்பதிகாரத்தின் இருபதாம் காதையாகிய வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியன் அவையில் நிற்கிறாள். நீ யார் என்ற வினாவுக்கு அவள் தரும் விடையின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. முதலில் தன் ஊரை, அவ்வூரை ஆண்ட மன்னர்களின் நீதியைச் சொல்கிறாள். பறவைக்காகத் தன்னை ஈந்தவனும் கன்றுக்காக மகனை இழந்தவனும் அங்கே வருகிறார்கள். பின்னரே கணவன் குலம், அவன் பெயர், தன் பெயர். இறுதியில் பொருட்சான்று: சிலம்பு உடைகிறது, உள்ளிருப்பது முத்தன்று, மணி என்று தெரிகிறது.

ஊர், குலம், பெயர், நடந்த கொடுமை, பொருட்சான்று என்ற இந்த ஒழுங்கு இருபதாம் நூற்றாண்டின் அகதி விண்ணப்பத்திலும் ஏறத்தாழ அப்படியே உள்ளது. இரண்டு இடங்களில் மட்டும் அது தலைகீழாகிறது. கண்ணகி தன் நாட்டின் நீதியைப் பெருமையாகச் சொல்லி வழக்கைத் தொடங்குகிறாள். அகதியோ தன் நாட்டில் நீதி இல்லை என்பதை நிறுவினால்தான் வழக்கே தொடங்கும். ஊரைப் பற்றி நல்லது சொல்ல விண்ணப்பத்தில் இடமில்லை. புலம்பெயர் கவிதையிலும் கதையிலும் ஊர் பற்றிய ஏக்கம் ஏன் அவ்வளவு மிகையாகப் பொங்கிற்று என்பதற்கு, மனுவில் சொல்லத் தடையானது வேறிடத்தில் வழிந்தது என்பதும் ஒரு காரணமாகலாம். அடுத்ததாக, மதுரையில் சோதனைக்குள்ளானது அரசனின் நீதி. வழக்குரைத்தவளின் நம்பகத்தன்மை அன்று. அகதி விசாரணையிலோ சோதிக்கப்படுவது முழுமையும் வழக்குரைப்பவரே. உடைத்துக் காட்டச் சிலம்பில்லாதவருக்கு உடலின் வடுக்களே சான்று.

கொரில்லா: எண்ணிட்ட பத்திகளுக்குள் ஒரு வாழ்க்கை

1967இல் யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் பிறந்து, இளம் வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இணைந்து பின் விலகி, 1993இல் பிரான்ஸ் சென்று சேர்ந்தவர் ஷோபாசக்தி. அவரது முதல் நாவலாகிய 'கொரில்லா' 2001இல் வெளிவந்தது. அந்நாவல் ஓர் அகதி விண்ணப்பத்தின் வடிவில் தொடங்குகிறது. அதிகாரிக்கு முகமன், எண்ணிடப்பட்ட பத்திகள், கைதுகளும் வதைகளும் நிகழ்ந்த நாட்கள், முன்னைய நிராகரிப்பு, மீண்டும் பரிசீலிக்கும்படி வேண்டுகோள் என ஒரு மனுவின் உறுப்புகள் யாவும் அதில் உள்ளன. மனுதாரரின் பெயர் ஆசிரியரின் இயற்பெயராகிய அன்ரனிதாசனை எதிரொலிக்கிறது.

மனு முடிந்ததும் நாவல் வேறொரு மொழிக்கு மாறுகிறது. குஞ்சன் வயல் என்னும் ஊரும், 'கொரில்லா' என்று பட்டம் பெற்ற சண்டியனின் மகனாகிய ரொக்கிராஜும் வருகிறார்கள். தகப்பனின் பட்டப்பெயர் மகனையும் தொற்றுகிறது. தகப்பனிடமிருந்து தப்ப நினைக்கும் சிறுவன் இயக்கத்துக்குப் போகிறான். அங்கேயும் அதிகாரத்தின் கைகள் அவனைப் பிடிக்கின்றன. மனுவில் சில வரிகளில் கடந்துபோகக்கூடிய 'இயக்கத்தில் இணைந்தேன், விலகினேன்' என்பதற்கு இடையில் எத்தனை அவமானங்கள், எத்தனை நகைப்புகள், எத்தனை கீழ்மைகள் உண்டு என்பதை நாவலின் நடுப்பகுதி விரிக்கிறது. தீவகத்தின் பேச்சுத்தமிழ் அங்கே முழு வீச்சுடன் ஒலிக்கிறது. மனுவின் சீரான, எவருக்கும் உரியதல்லாத தமிழுக்குப் பின் அம்மொழியைக் கேட்கும் வாசகர், முதற்பகுதியில் எது பறிக்கப்பட்டிருந்தது என்பதை அப்போதே உணர்கிறார்.

நாவலின் அடிக்குறிப்புகள் தனிக் கவனத்துக்குரியவை. கதைக்குள் வரும் ஆட்களையும் நிகழ்வுகளையும் பற்றி அடிக்குறிப்புகள் ஆவணக் குரலில் தகவல் தருகின்றன. இவை ஈழ அரசியலை அறியாத வாசகருக்கான உதவி என்று கொள்வது எளிது. ஆனால் மனுவோடு இணைத்துப் படிக்கும்போது அவற்றின் தொழில் வேறாகத் தெரிகிறது. சான்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கண்ணுக்கு முன்னால்தான் இக்கதை சொல்லப்படுகிறது என்பதை அவை நினைவூட்டுகின்றன. மனுவில் இணைப்பாகச் சேர்க்கப்படும் பத்திரிகை நறுக்கும் மரணச் சான்றிதழும் நாவலில் பக்கத்தின் அடிக்கு இறங்கியுள்ளன. மேலே கதை, கீழே பிணம் என்ற அப்பக்க அமைப்பு வாசகரை எந்த வரியிலும் நிம்மதியாக இருக்கவிடுவதில்லை.

இங்கு ஓர் உண்மையான இக்கட்டு உள்ளது. அரசின் ஒடுக்குமுறையை மட்டும் சொல்லும் மனு நேரானது. அதன் வில்லன் ஒருவனே. இயக்கத்தின் வன்முறையையும் சொல்ல முற்படும் மனுவோ எல்லாப் பக்கமும் மோதுகிறது. இயக்கத்தில் இருந்ததாகச் சொன்னால் அச்சத்துக்கு ஆதாரம் வலுக்கிறது. ஆனால் பாரதூரமான குற்றம் இழைத்தவரை உடன்படிக்கையே விலக்குவதால் அதே கூற்று விண்ணப்பத்தைக் கவிழ்க்கவும் கூடும். 2006இல் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் புலிகளைத் தடைசெய்த பின் இந்த விளிம்பு இன்னும் கூர்மையடைந்தது. அலுவலகத்துக்கு வெளியே, பாரிசின் லா சப்பல் தெருக்களில், இயக்கத்தைக் குறைசொன்னவனுக்குக் காத்திருந்தது வேறொரு விசாரணை. 'கொரில்லா' இவ்விரு விசாரணைகளுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறது. அதன் துணிவு இயக்கத்தை விமர்சித்ததில் மட்டும் இல்லை. தன் நாயகனை இரு விசாரணைகளிலும் தப்பிக்கும் அளவுக்குத் தூயவனாக ஆக்காமல் விட்டதில் உள்ளது. ரொக்கிராஜ் பாதிக்கப்பட்டவன், பாதித்தவனும்கூட. இவனை ஏற்கும் கட்டம் எந்த விண்ணப்பப் படிவத்திலும் இல்லை.

கொழுத்தாடு பிடிப்பேன்: மனுவுக்கு உதவாத விவரங்கள்

அ. முத்துலிங்கம் அகதியாகச் சென்றவர் அல்லர். 1937இல் கொக்குவிலில் பிறந்து, கணக்காளராகப் பயின்று, உலக வங்கியிலும் ஐக்கிய நாடுகள் அமைப்பிலும் பல நாடுகளில் பணியாற்றிப் பின் கனடாவில் குடியேறியவர். மேசையின் மறுபக்கத்தை அறிந்தவர் என்று சொல்லலாம். அவருடைய 'கொழுத்தாடு பிடிப்பேன்' முழுக்க முழுக்கக் குடிவரவு அதிகாரிக்கு எழுதப்படும் மனுவாக அமைந்த சிறுகதை. பிள்ளையார் காப்புடன் தொடங்கி, இலங்கைத் தமிழிலிருந்து மொழிபெயர்த்துக்கொள்ளும்படி அதிகாரியையே வேண்டிக்கொள்கிறது அது. எழுதுபவர், தனக்குத் தங்க இடமளித்த தமிழ்க் குடும்பத்தின் குழந்தையை முன்வைத்து எழுந்த குற்றச்சாட்டினால் கனடாச் சிறையில் இருப்பவர்.

'கொரில்லா'வில் மனு நாவலுக்கு வாயில். இங்கே மனுவே வீடு. மனுவின் இலக்கணப்படி, குற்றச்சாட்டோடு தொடர்பில்லாத எதற்கும் அதில் இடமில்லை. இந்த மனுதாரருக்கோ எது தொடர்புள்ளது, எது தொடர்பற்றது என்று பிரிக்கத் தெரியவில்லை. வந்த வழி, படுத்த இடம், அந்த வீட்டின் அன்றாடம், குழந்தையோடு ஆடிய விளையாட்டு என எல்லாம் ஒரே எடையில் மனுவுக்குள் வந்து விழுகின்றன. கதையின் நகைச்சுவை இந்த எடைபிழையிலிருந்து பிறக்கிறது. அதன் துயரமும் அங்கிருந்தே பிறக்கிறது. நீதிபதிக்கு வேண்டாத விவரங்களில்தான் அந்த மனிதனின் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது.

தலைப்பாக நிற்கும் விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணச் சிறுவர் ஆடும் அவ்விளையாட்டில் ஒருவர் ஆட்டைக் கவர வருபவர், மற்றவர் காப்பவர். பிடிப்பேன் என்பதும் விடமாட்டேன் என்பதும் பாட்டாக மாறி மாறி ஒலிக்கும். ஊரில் இவ்விளையாட்டுக்கு விளக்கம் தேவையில்லை. அதிகாரியின் மொழிக்குப் பெயர்த்தால், ஒரு வளர்ந்த ஆண் ஒரு சிறுமியைத் துரத்திப் பிடிப்பதாகச் சொல்லிய வாக்குமூலமாக அது மாறிவிடுகிறது. மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள் என்று மனுவின் தலைப்பில் பணிவாகக் கேட்டவருக்கு, அந்தச் சொல்லின் ஆழம் தெரிந்திருக்க நியாயமில்லை. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பது எளிது. ஒரு சமூகம் தன் குழந்தைகளோடு எப்படிப் பழகும் என்ற முழு வழக்காற்றையும் பெயர்க்க எந்த நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராலும் இயலாது.

இக்கதையைப் புதிய நாட்டின் சட்டம் அப்பாவி ஒருவனை நசுக்கிய கதை என்று மட்டும் படிப்பது போதாது. வாசகருக்குக் கிடைப்பது மனுதாரரின் கூற்று ஒன்றே. குழந்தையின் குரலோ தாயின் குரலோ நேரடியாக வருவதில்லை. கதைசொல்லியின் வெகுளித்தனத்தால் கவரப்பட்டு அவரை நம்பும் வாசகர், அந்த நம்பிக்கைக்குத் தன்னிடம் அந்த வெகுளியான நடையைத் தவிர வேறு சான்று ஏதுமில்லை என்பதை ஒரு கட்டத்தில் உணர வேண்டும். அதிகாரி கடுமையாக வாசிக்கிறார். வாசகர் இரக்கத்துடன் வாசிக்கிறார். இருவருக்கும் கிடைத்த பனுவல் ஒன்றே. ஆசிரியர் இந்த இடத்தில் தலையிடாமல் விலகி நிற்பதுதான் கதையின் வலிமை. முத்துலிங்கத்தின் மெல்லிய நகைச்சுவை சில கதைகளில் துன்பத்தின் விளிம்பை மழுங்கச் செய்துவிடுவதுண்டு. இக்கதையில் அப்படி நிகழவில்லை.

நடுவில் நிற்பவர்

1986க்கும் 2001க்கும் இடையில் எழுந்த கதைகளில் அதிகாரியும் அகதியும் இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த தமிழரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. ஷாக் ஓடியாரின் இயக்கத்தில் ஷோபாசக்தியே தலைமைப் பாத்திரமேற்று நடித்து, 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' இந்த இடைவெளியை ஒரு காட்சியில் நிரப்புகிறது. போரின் முடிவில், முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் ஒரு குடும்பமாகிப் பிரான்சுக்கு வருகிறார்கள். விசாரணையில் ஆண், தனக்குச் சொல்லித்தரப்பட்ட கதையை ஒப்பிக்கிறான். தமிழரான மொழிபெயர்ப்பாளர் அதைக் கேட்ட மாத்திரத்தில் அது பலர் சொல்லித் தேய்ந்த கதை என்று அறிந்துகொள்கிறார். பக்கத்தில் இருக்கும் அதிகாரிக்குப் புரியாத மொழியில், அவனது மெய்யான கதையை நோக்கி அவனை நகர்த்துகிறார்.

திரைப்படம் ஒரு பிரெஞ்சுப் படைப்பு. அதன் இறுதிப் பகுதியின் வன்முறை பற்றி எழுந்த மறுப்புகளில் நியாயம் உண்டு. ஆயினும் இக்காட்சி தமிழ் அனுபவத்தின் நுட்பமான ஓர் இடத்தைத் தொட்டுள்ளது. முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு வழிசொல்வது தமிழ்ச் செய்யுளில் ஆற்றுப்படை என்னும் தனிவகையாகவே வளர்ந்தது. பரிசில் பெற்றுவந்த பாணன், பெறாத பாணனுக்கு இன்ன வழியில் செல், இன்னவாறு பாடு என்கிறான். பயண முகவர், அறைத் தோழர், சட்டத்தரணிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் இப்புதிய ஆற்றுப்படையின் பாணர்கள். வேறுபாடு ஒன்றுதான்: பத்துப் பாணர் ஒரே புகழைப் பாடினால் வள்ளல் மகிழ்வான். பத்து அகதிகள் ஒரே கதையைச் சொன்னால் பத்துப் பேரும் பொய்யர் ஆவார்கள், அந்தக் கதை பத்துப் பேருக்கும் உண்மையிலேயே நடந்திருந்தாலும்.

படத்தில் பொய்க் குடும்பம் மெல்ல மெல்லக் குடும்பமாக மாறுகிறது. காகிதத்தில் கணவனாகவும் மனைவியாகவும் ஆனவர்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆண் அடுக்ககங்களின் காவலாளியாகிறான். பெண் ஒரு முதியவருக்குச் சமைத்துக்கொடுக்கப் போகிறாள். சிறுமி பள்ளியில் பிரெஞ்சு கற்று இருவருக்கும் மொழிபெயர்க்கிறாள். ஆவணத்தின் பொய் அன்றாடத்தின் வேலைகளால் உண்மையாக்கப்படுகிறது. அகதி விண்ணப்பத்தின் தருக்கத்தில் இதற்கு வழியே இல்லை. அங்கே உண்மை என்பது கடந்த காலத்தில் முடிந்துவிட்ட ஒன்று. அதனைக் கண்டுபிடிக்க மட்டுமே இயலும். வாழ்ந்து உண்டாக்கிக்கொள்ளும் உண்மையைப் படிவம் அறியாது.

திறனாய்வின் மேசை

மேற்கண்ட வாசிப்பு தமிழ்த் திறனாய்வை நோக்கியும் ஒரு வினாவை எழுப்புகிறது. புலம்பெயர் படைப்புகள் குறித்த மதிப்புரைகளில் பாராட்டின் உச்சமாக வழங்குவது 'வாழ்ந்து பெற்ற அனுபவம்', 'இரத்தமும் சதையுமான சாட்சியம்' என்னும் வகைத் தொடர்களே. கண்டனத்தின் உச்சமாக வழங்குவது, இது நடக்கவில்லை, இது இனத்துக்கு இழைக்கும் துரோகம், ஐரோப்பியரை மகிழ்விக்கச் சொன்ன பொய் என்பன. பாராட்டுவோரும் கண்டிப்போரும் எதிரெதிர் அணியினராகத் தோன்றினாலும் அவர்களின் அளவுகோல் ஒன்றுதான்: சொன்னவர் நம்பத்தக்கவரா? இது ஒஃப்ரா அதிகாரியின் வினா. கற்பனையான ஒரு பாத்திரத்தின் வாக்குமூலத்தில் தேதி முரண்பாடு தேடும் வாசிப்பும், ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பைக் கொண்டு நாவலுக்கு முத்திரை குத்தும் வாசிப்பும் அந்த அலுவலகத்தின் மேசையிலேயே நடைபெறுகின்றன.

ஷோபாசக்தி தம் பெயரின் நிழலை மனுதாரர்மேல் விழவிட்டது இந்த வாசிப்பைத் தூண்டிப் பின் ஏமாற்றுவதற்காகவே எனக் கருதலாம். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே செல்லும் வாசகர், நாவலின் நடுவில் வேறொரு பெயரும் வேறொரு வாழ்க்கையும் எதிர்ப்படத் திகைக்கிறார். மனுவில் இருப்பவர் யார், ரொக்கிராஜ் யார், எழுதியவர் யார் என்னும் மூன்று வினாக்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒன்றாகாமலே நிற்கின்றன. முத்துலிங்கத்தின் கதையிலோ வாழ்க்கைக் குறிப்பு எவ்விதத்திலும் உதவாது. ஆசிரியர் அந்தச் சிறையிலும் இல்லை, அந்த வீட்டிலும் இல்லை. அனுபவமே அளவுகோல் என்றால் அக்கதை தள்ளுபடியாக வேண்டும். அது தள்ளுபடியாகாமல் நிற்பதே அளவுகோலின் குறையைக் காட்டப் போதுமானது.

இதனால், புனைவில் உண்மை பற்றிய கேள்வியே வேண்டாம் என்றாகாது. பெயர் குறித்து, இடம் குறித்து, நிகழ்ந்த கொலைகளை அடிக்குறிப்பில் வைக்கும் நாவல் உண்மையின் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. இறந்தவர்களின் உறவினர் இன்னும் வாழ்கிறார்கள். ஆனால் அப்பொறுப்பைக் கேட்கும் முறை வேறாக இருக்க வேண்டும். இக்கூற்று நடந்ததா என்று கேட்பதோடு, இதனை யாருக்கு முன்னால், எதைப் பெறுவதற்காக, எதனை மறைத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றும் கேட்கும் வாசிப்பே மனுவையும் கதையையும் பிரித்தறிய வல்லது.

படிவத்துக்கு வெளியே

அகதி விண்ணப்பம் வந்துசேர்ந்த நாளோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிந்திய ஆண்டுகள் அதில் இல்லை. முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்தில் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவியது, ஒரு கட்டிலை மூவர் முறைவைத்துப் பயன்படுத்தியது, சீட்டுப் பிடித்துத் தம்பியின் பயணத்துக்குப் பணம் கட்டியது, நிலக்கீழ் அறையின் சிறு சாளரம் வழியே பனியில் நடப்போரின் கால்களை மட்டும் பார்த்தது, ஊரில் தாய் இறந்தபோது தொலைபேசியில் பறைமேளம் கேட்டது போன்றவை எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. இவற்றுக்கெனத் தனி இலக்கியம் 1980களின் இறுதியிலிருந்து ஐரோப்பாவில் வெளிவந்த சிற்றிதழ்களில்தான் முதலில் உருவாயிற்று. கையெழுத்துப் படிகளாகவும் ஒளிநகல்களாகவும் சுற்றிய அவற்றில் பல இன்று கிடைப்பதரிது. நூலகம் என்னும் எண்ணிம ஆவணகத்தில் ஒரு பகுதி காக்கப்பட்டுள்ளது.

விண்ணப்பங்களின் நிலை அதனினும் மோசம். பல்லாயிரம் தமிழர் தம் வாழ்வைச் சொன்ன அப்பனுவல்கள் பாரிசிலும் ஒட்டாவாவிலும் பேர்னிலும் உரிய அலுவலகங்களின் பெட்டிகளில், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் உள்ளன. மொழிபெயர்ப்பாளரின் முன் அவர்கள் தமிழில் சொன்ன சொற்கள் பெரும்பாலும் பதிவாகவே இல்லை.